கண்டிச் சீமையில் காப்பி மறுபடி தழைத்த கதை

சென்னையில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் வேடசந்தூர் பக்கம் மூணு ஏக்கர் வாங்கி மர முருங்கை வைத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு அப்புறம் கம்பளிப்புழு விழுந்து, ஒரே வாரத்தில் தோப்பு மொட்டை. அடிமரத்துப் பட்டையில் கொத்துக் கொத்தாக அப்பிக் கிடந்த புழுவைத் தீப்பந்தம் காட்டிச் சுட்டோம். எரியோட்டிலிருந்து நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மூணு வாரம் கழித்து போட்டோ அனுப்புகிறார். குச்சி குச்சியாக நின்ற மரமெல்லாம் பச்சைப் பசேல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, மரம் பழையபடி ஆயிருச்சு. விட்டுப்போன கவாத்தை இப்பப் பண்ணிரலாமா?"

வேண்டாம், ஒரு ஆறு மாசத்துக்குக் கத்தியே படக்கூடாது என்றேன். தழைச்சிருச்சே, அப்புறம் என்ன என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. இதே கேள்வியை ஒரு நூற்றைம்பது வருஷம் முன்னாடி வெள்ளைக்காரத் துரைமார்கள் கேட்டார்கள். தப்பான பதிலை நம்பினார்கள். அதில் அவர்கள் தோட்டம் போனது. நம்ம ஜனங்களின் தலையெழுத்தும் மாறிப்போனது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் மரத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இலைதான் மரத்துக்கு அடுப்படி. வெயிலையும் காற்றையும் தண்ணியையும் வைத்து அது சர்க்கரை ஆக்குகிறது. அன்றாடச் செலவு போக மிஞ்சினது மாவாக மாறி வேரிலும் தண்டிலும் சேர்ந்துகொள்ளும். நம்ம வீட்டுக் குதிர் மாதிரி. இலை மொத்தமும் போய்விட்டால் மரம் குதிரைத் திறந்துதான் புது இலை விட்டாக வேண்டும். அந்தப் புது இலை வந்த அன்றைக்கே சம்பாதிக்காது. வெளுத்த பச்சையில் இருக்கிற வரைக்கும் அதுவும் குதிரிலிருந்துதான் தின்கிறது. முத்தி, தடித்து, கரும்பச்சை ஆன பிறகுதான் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். அதனால் மரம் கண்ணுக்கு ரொம்ப அழகாகத் தழைத்து நிற்கிற நாள்தான் அதன் குதிர் ஏறக்குறையக் காலியாக இருக்கிற நாள். போட்டோவில் இது தெரியாது.

இனி கண்டிச் சீமைக்குப் போவோம். எங்க பக்கத்துப் பெரியவர்கள் இலங்கையை அப்படித்தான் சொல்லுவார்கள்.

1830-களிலிருந்து வெள்ளைக்காரர்கள் கண்டியைச் சுற்றின மலைகளில் காட்டை வெட்டி எரித்துக் காப்பி வைத்தார்கள். கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரு மலைக்கு அடுத்த மலை, நடுவில் வேறு மரமே கிடையாது, முழுக்கக் காப்பி. நிழல் மரம் இருந்தால் காய்ப்பு குறையும் என்று பல இடங்களில் அதையும் விடவில்லை. 1860-களில் காப்பி ஏற்றுமதியில் இலங்கை உலகத்திலேயே முன்வரிசையில் இருந்தது.

அந்தக் காப்பியைப் பறித்தது நம்ம ஆட்கள். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவுக்குள் இருந்தது. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று எல்லா ஜில்லாவிலிருந்தும் கங்காணி பின்னால் கிளம்பிப் போனார்கள். கடற்கரை வரைக்கும் நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் மறுபடி நடை. அந்த வடக்குப் பாதையில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனிக்கணும். காப்பிக்கு ஆள் பெரும்பாலும் பழம் பறிக்கிற சில மாசத்துக்குத்தான் வேணும். பறிப்பு முடிந்தால் நிறைய பேர் ஊர் திரும்பி வந்து இங்கே வெள்ளாமை வேலை பார்த்தார்கள். இது பின்னாடி முக்கியமாகப் போகிறது.

1869-ல் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காப்பி இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி படிந்திருந்தது. தொட்டால் விரலில் மஞ்சள் மாதிரி ஒட்டும். அந்த இலை நாளாவட்டத்தில் உதிர்ந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த த்வெயிட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்கிற பூஞ்சாண நிபுணர் அதே வருஷம் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் நாசம் பண்ணுகிறவள் என்று அர்த்தம். பேர் வைத்தவருக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. த்வெயிட்ஸும் ஆரம்பத்திலேயே எச்சரிக்கை பண்ணினார். தோட்டத்துரைமார் காதில் அது பெரிசாக ஏறவில்லை.

ஏறாததற்கு ஒரு காரணம் இருந்தது. மரம் தழைத்தது! இலையெல்லாம் கொட்டி விறகு மாதிரி நின்ற காப்பி, அடுத்த மழைக்கு மறுபடி இலை விட்டது. மறுபடி துரு விழுந்தது, மறுபடி கொட்டியது, மறுபடி தழைத்தது. மனுஷனுக்கு வருகிற முறைக்காய்ச்சல் மாதிரி, வந்தாலும் போய்விடும் என்று எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் சத்து இல்லை, மழை சரியில்லை, உரம் போட்டால் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு வைத்தியம். உரம் போட்டால் கொழுகொழுவென்று புது இலை வரும், உண்மைதான். அந்தப் புது இலையிலும் துரு வந்து உட்காரும்.

இன்னொரு மறைப்பும் இருந்தது. 1870-களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிக்கொண்டே போனது. மகசூல் குறைந்தாலும் பணம் குறையவில்லை. அந்தத் தெம்பில் இன்னும் மேலே, இன்னும் உள்ளே காட்டை வெட்டிப் புதுத் தோட்டம் போட்டார்கள். 1878 வாக்கில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர். புதுத் தோட்டத்துக் காப்பி வந்து சேரச் சேர, கப்பல் ஏறுகிற மூட்டைக் கணக்கு பெரிசாகவே தெரிந்தது. ஏக்கர் கணக்கைப் பார்த்தவனுக்குத்தான் விஷயம் புரிந்திருக்கும். துரு வருகிறதுக்கு முன்னாடி ஏக்கருக்கு நாலரை அந்தர் எடுத்த இடத்தில், பத்து வருஷத்துக்குள் சுமார் ரெண்டு அந்தர்தான். அந்தர் என்பது கிட்டத்தட்ட 51 கிலோ.

காப்பி மரத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. எலுமிச்சை, மாமரமெல்லாம் தாங்க முடியாவிட்டால் பிஞ்சை உதிர்த்துவிடும். மாசி பங்குனியில் மாமரத்துக்கு அடியில் கிடக்கிற வடுவெல்லாம் அப்படி மரம் கழித்துவிட்டதுதான். காப்பிக்கு அந்த வித்தை சரியாகத் தெரியாது. பிடித்த காயைக் கடைசி வரைக்கும் சுமக்கும். இலை இல்லாத கொப்பிலும் காய் பழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காய்க்குத் தீனி எங்கிருந்து வரும்? கொப்பிலிருந்து, தண்டிலிருந்து, கடைசியில் வேரிலிருந்து. உறிஞ்ச உறிஞ்ச நுனிக் கொப்பு காய ஆரம்பிக்கும், மண்ணுக்குள் பொடி வேர் செத்துப்போகும். காப்பி காய்ப்பது போன வருஷம் வளர்ந்த கொப்பில். இந்த வருஷம் கொப்பு வளரவில்லை என்றால் அடுத்த வருஷம் காய் இல்லை. ஆக, இலை போன வருஷத்தில் வெள்ளாமை நன்றாகவே இருக்கலாம், அடி விழுவது அதற்கடுத்த வருஷம். அதற்குள் மரம் மறுபடி பச்சையாக நிற்கும். ஏன் காய்க்கவில்லை என்று துரை தலையைச் சொறிவார். விதைநெல்லை ஆக்கிச் சாப்பிட்டவன் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியத்தானே செய்யும்.

1880-ல் ஹாரி மார்ஷல் வார்ட் என்று ஒரு இளைஞரை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். வயசு இருபத்தாறுகூட முழுசாக ஆகவில்லை. ரெண்டு வருஷம் போல இருந்தார். கண்ணாடித் துண்டில் பசை மாதிரி தடவித் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறந்து வருகிற துருப்பொடியைப் பிடித்துக் காட்டினார். இலை மேல் ஈரம் நின்றால்தான் அந்தப் பொடி முளைக்கும், முளைத்து இலைக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் மேலே என்ன தூவினாலும் பிரயோஜனம் இல்லை என்றார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் சொன்னார். இந்தப் பூஞ்சாணம் காயைத் தொடுவதில்லை, வேரைத் தொடுவதில்லை, நேராக மரத்தைக் கொல்வதும் இல்லை. இலை தன் காலம் முடிகிறதுக்கு முன்னாடியே உதிர்ந்துவிடுகிறது, அது சமைத்துக் கொடுத்திருக்க வேண்டிய சாப்பாடு மரத்துக்குக் கிடைக்காமல் போகிறது, மரம் இளைப்பது அதனால்தான் என்று விளக்கினார். காற்றுக்குத் தடுப்பே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை வைத்ததுதான் பூஞ்சாணத்துக்குப் போட்ட பந்தி என்றும் எழுதினார்.

துரைமாருக்கு அவர் மேல் வருத்தம். மருந்து கேட்டால் காரணம் சொல்லுகிறாரே என்று. மருந்து வந்தது, வேறு தேசத்தில், வேறு பயிருக்கு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் திராட்சைக் கொடிக்கு அடிக்கலாம் என்று பிரான்சில் மில்லார்டே 1885-ல் வெளியே சொன்னார். அதைத்தான் இன்றைக்கும் காப்பிக்கு மழைக்கு முன்னாடி அடிக்கிறார்கள். அதற்குள் இலங்கையில் காரியம் முடிந்துவிட்டது. 1884-ல் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் பேங்க் விழுந்தது. காப்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். காய்ந்த காப்பி அடிமரங்களைக் கப்பலேற்றி லண்டனில் டீ மேசைக்குக் கால் செய்தார்கள் என்று இலங்கைத் தேயிலைக் கதை எழுதுகிறவர்கள் சொல்லுவார்கள். கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கு.

ஆனால் இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1876-லிருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாமல் 1877-ல் மட்டும் லட்சம் பேருக்கு மேல் கண்டிச் சீமைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் போய் இறங்கினது, குதிர் காலியாகிக்கொண்டிருந்த காப்பிக் காட்டில். மரம் பச்சையாகத்தான் நின்றிருக்கும். போனவனுக்கு என்ன தெரியும்? அடுத்த சில வருஷத்தில் தோட்டம் தோட்டமாக நொடித்தபோது மாசக்கணக்கில் கூலி பாக்கி நின்றது. வாங்க வேண்டிய கூலி வராமல், கங்காணியிடம் வாங்கின முன்பணம் மட்டும் கடனாகத் தலையில் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. துரு வந்த கதையை எழுதுகிறவர்கள் பேங்கையும் துரையையும் பற்றி நிறைய எழுதுவார்கள், இதற்கு ஒரு வரி விட்டால் பெரிசு.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1867-லேயே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். 1890-கள் முடிகிறதுக்குள் தேயிலை மூணு லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. தேயிலைக்கு வருஷம் பூரா ஆள் வேணும், கொழுந்து வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். பறித்து முடித்து ஊர் திரும்புகிற கதை அதோடு போச்சு. குடும்பத்தோடு லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. பேரன் பேத்தி அங்கேயே பிறந்தார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றது. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படி எழுபதுகளில் திரும்பி வந்த ஒருத்தர் எங்க பக்கம் நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர். கவாத்தை அவர் அப்படித்தான் சொல்லுவார். இப்போது அவர் இல்லை. நான் முருங்கை வெட்டுவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "தம்பி, வேரைப் பார்த்தீங்களா?"

வேரை எதுக்குங்கய்யா பார்க்கணும் என்றேன்.

"எங்க மலையில கவ்வாத்துக்கு முன்னாடி வேர்தான் பாப்பாங்க. பென்சில் தண்டிக்கு ஒரு வேரை வெட்டி, ஐயோடின் மருந்த ஊத்துவாங்க. கருநீலமா மாறுனா வெட்டு. மாறலைன்னா தொரையே சொன்னாலும் அந்த மலைக்குக் கத்தி போகாது."

அப்போது எனக்கு இது ஏதோ தோட்டத்துச் சடங்கு மாதிரி தெரிந்தது. பின்னாடி விசாரித்ததில் நம்ம வால்பாறை, நீலகிரித் தேயிலைக்கும் இதே முறைதான். வேரில் மாவு இருந்தால் ஐயோடின் பட்டுக் கறுக்கும். மாவு குறைவாக இருந்தால் கவாத்தைத் தள்ளிப்போடுவார்கள், கொஞ்ச நாள் கொழுந்து கிள்ளாமல் விட்டு இலையைச் சம்பாதிக்க விடுவார்கள். பலவீனமான செடியில் ஒண்ணு ரெண்டு கொப்பை இலையோடு விட்டுத்தான் மற்றதை வெட்டுவார்கள். புதுத் துளிர் தன் காலில் நிற்கிற வரைக்கும் அந்தக் கொப்பு சோறு போடும்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. காப்பி இலை போய்ச் செத்தது. அதே மலையில் வந்த தேயிலை, இலை பறிகொடுத்தே வாழ்கிறது. எப்படி? தேயிலையில் கிள்ளுவது நுனியில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும். அது இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்காத பிள்ளை. கீழே முத்தின இலை ஒரு பாய் மாதிரி விரிந்திருக்கும், அதில் கை வைக்க மாட்டார்கள். காப்பியில் துரு தின்றது சம்பாதிக்கிற இலையை.

இலை போனாலும் சாகாத மரமும் உண்டு. நிலம்பூர் தேக்குக்காடு போயிருப்பீர்கள். 1840-களில் கலெக்டர் கனோலி காலத்தில், சாத்து மேனன் என்கிற அதிகாரி முன்னே நின்று வைத்தது. அங்கே கோடை மழை விழுந்து தேக்கு துளிர் விட்டதும் ஒரு புழு வந்து காட்டையே சல்லடையாக்கிவிடும். சில வாரத்தில் மறுபடி இலை. மரம் அதுபாட்டுக்கு நிற்கிறது, அப்புறம் என்ன நஷ்டம் என்றுதான் ரொம்ப காலம் இருந்தார்கள். பீச்சியில் இருக்கிற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் புழுவிலிருந்து காப்பாற்றின தேக்கையும் விட்டுவிட்ட தேக்கையும் அஞ்சு வருஷம் அளந்து பார்த்தது. புழு தின்ற இளம் தேக்கில் சேர வேண்டிய மரத்தில் 44 சதவீதம் குறைவு. ஏறக்குறையப் பாதி! சாகவில்லை என்பதற்காக ஒன்றும் போகவில்லை என்று ஆகாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் ஆவணி வாக்கில் என் நாற்பது முருங்கைக்கும் கம்பளிப்புழு. தீப்பந்தம் காட்டினேன், மரம் தழைத்தது. புரட்டாசியில் வழக்கம்போல கவாத்து பண்ணிவிட்டேன். வாட்ச்மேன் ஐயா கேட்டதெல்லாம் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. வெட்டின இடத்தில் மறுபடி துளிர் வந்தது. இது ரெண்டாவது செலவு. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். கிணறு தைக்கு முன்னாடியே தரை தட்டியது. துளிர் அப்படியே சுருண்டது. மாசியில் ஒரு சின்ன மழைக்கு மூணாவது தடவை துளிர்த்துப் பார்த்தது, விரல் நீளத்துக்கு மேல் வரவில்லை. சித்திரையில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்து, இருபத்திரெண்டு மரம் போச்சு.

வறட்சியில் போச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி தோட்டம். அதே புழு, அதே மண், அவர் கிணறும் என் கிணறு மாதிரிதான் வற்றியது. அவர் மகளுக்கு அந்த ஐப்பசியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு, மண்டபம், சமையல்காரர் என்று அலைந்ததில் தோட்டப் பக்கமே வரவில்லை, கவாத்தும் பண்ணவில்லை. முப்பது சொச்சம் மரத்தில் அவருக்குப் போனது நாலு. "நான் சும்மா இருந்ததுக்கே மரம் பொழைச்சுக்கிச்சு பாத்தியா"ன்னு இன்றைக்கும் டீக்கடையில் என்னைக் கிண்டல் பண்ணுவார்.

அதற்கப்புறம் மருந்துக்கடையில் டிஞ்சர் ஐயோடின் வாங்கி வைத்துக்கொண்டேன். தேயிலைக்குச் சொன்ன அளவு முருங்கைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ரெண்டு மரத்தின் வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். புழு விழாத மரத்து வேர் நல்லா மை கொட்டின மாதிரி ஆகிறது. மொட்டையாகித் தழைத்த மரத்து வேர், மேலே இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், முதல் ரெண்டு மூணு மாசம் மஞ்சள் கறையோடு நின்றுவிடுகிறது.

காப்பிக்கும் அப்புறம் நல்ல காலம் வராமல் இல்லை. தென்னிந்தியாவில் நிழல் மரத்துக்கு அடியில் வைத்ததால் ஒரே வருஷத்தில் காய்த்துக் கொட்டித் தேய்ந்து போகாமல் நின்றது. கர்நாடகத்தில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் துருவைக் கொஞ்சம் தாங்குகிற எஸ்.795 ரகத்தை 1940-களில் கொடுத்தது. நம்ம மாவட்டத்துத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் பலாவுக்கும் சில்வர் ஓக்குக்கும் கீழே காப்பி நிற்பதைப் பார்க்கலாம். அடுத்த தடவை கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியில் மேலே ஏறும்போது காரை நிறுத்தி ஒரு காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி இருந்தாலும் இருக்கும்.

நண்பர் தோப்புக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ரெண்டு வேர் வெட்டி டிஞ்சர் விட்டுப் பார்த்துவிட்டு, போட்டோவோடு அடுத்த பதிவில் போடுகிறேன். அதுவரைக்கும் அவரைக் கவாத்துக் கத்தியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு தடவை தண்ணி, ஆளுக்கு ரெண்டு கூடை தொழுஉரம், இப்போதைக்கு அவ்வளவு போதும். பூ எடுத்தால் முதல் பூவைக் கிள்ளிவிடச் சொன்னேன், அதற்குத்தான் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒட்டன்சத்திரத்தில் இப்போது காய் விலை அப்படி.